ஒரு சைஸ் சின்ன சட்டை

சைக்கிள் கடையின் பின்கட்டில் பந்தய சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பக்கம், டயர்கள் தொங்கும் கம்பிக்குக் கீழே, புஷ்பவள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தாள். மடியில் இரண்டு பைகள். ஒன்றில் தம்பி குகனின் பந்தயச் சட்டை, துவைத்து மடித்தது. மற்றதில் ஒரு கோப்பிப் பெட்டி, வெந்நீரில் கலக்கும் காப்பித்தூள் பாக்கெட்டுகள். இரண்டையும் நேற்றே வேலைக்கு எடுத்துப் போயிருந்தாள். இரவு ஷிப்ட் முடிந்ததும் புக்கிட் தெங்கா தொழிற்சாலையிலிருந்து பாலம் தாண்டி நேரே இங்கே வந்துவிட்டாள். வீட்டுக்குப் போயிருந்தால் குகன் இங்கே வர விட்டிருக்க மாட்டான்.

குகனை சைக்கிள் பந்தயக் குழுவில் சேர்த்த அன்று மேனேஜர் அந்தோணிராஜ் அவனுக்கு ஒரு சைஸ் சின்ன சட்டையைத்தான் கொடுத்தார். எல்லாருக்கும் அப்படித்தான். ஜிப் கழுத்து வரை ஏறினால்தான் பந்தயத்தில் பெயர் சேரும். குகன் சோற்றை விட்டான். பாலிக் பூலாவ் மேட்டில் சைக்கிளில் ஏறி இறங்கி வந்து, உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் குழம்பு தாளித்தால் எழுந்து வெளியே போய்விடுவான். பிறகு அவள் தாளிப்பதையே விட்டாள்.

அப்போதுதான் கூட வேலை செய்யும் காமினி அந்தக் கோப்பியைக் காட்டினாள். "மருந்து இல்லக்கா, கோப்பி. பசியே எடுக்காது. நம்ம சூப்பர்வைசர் கூட இதான் குடிக்குது லா." லைனில் பாதிப் பேர் ஓய்வு நேரத்தில் அதைத்தான் கலக்கினார்கள். புஷ்பவள்ளியும் ஒரு பாக்கெட் குடித்துப் பார்த்தாள். சாயங்காலம் வரை பசி இல்லை.

தலைவலி மாத்திரைக்குக்கூட டாக்டரைக் கேட்கிறவன் குகன். மாத்திரை, ஊசி, பவுடர் எதையும் கேட்காமல் தொடக் கூடாதென்று குழுவில் சொல்லியிருந்தார்கள். கோப்பியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. "கோப்பிதானே," என்று அவள் கலக்கிக் கொடுத்ததை வாங்கிக் குடித்தான்.

ஜிப் ஏறியது. மேட்டில் அவனைப் பிடிக்க முடியவில்லை. "டேய், எந்தக் கிளினிக்குல ஊசி போட்டடா?" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். அந்தோணிராஜ் அவன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்து பேஸ்புக்கில் போட்டார். பந்தயம் முடிந்து சிறுநீரைச் சோதித்ததில், பசியை அடக்கும் மருந்து ஒன்று இருந்தது. தடை செய்யப்பட்ட மருந்து. விசாரணை முடியும்வரை சைக்கிளைத் தொடக் கூடாது. நாலு வருசம் வரைக்கும் தடை வரலாம் என்றார்கள். குகனுக்கு வேறு வேலை தெரியாது. கூட்டாளிகள் இப்போது சிரிப்பதில்லை, கூப்பிடுவதுமில்லை.

அந்தோணிராஜ் துண்டால் கையைத் துடைத்தபடி வந்தார்.

"சட்டையக் கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன். இதப் பாருங்கண்ணே. இதான் அந்தக் கோப்பி."

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "இதுல அந்த மருந்து பேரே இல்லையே மா."

"அதான் அண்ணே. போட்டிருந்தா குடிப்பானா?"

"யாரு வித்தா?"

"கூட வேல செய்ற பொண்ணுதான். இப்பக் கேட்டா நான் விக்கவே இல்லன்னு சொல்லுது. அது வாங்குன பேஸ்புக்குக் கடையும் காணோம்."

"பிரிச்ச பெட்டி. நீங்களே மருந்தக் கலந்து வச்சீங்கன்னு சொல்லுவாங்க."

புஷ்பவள்ளி வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னாள். "விசாரணைல வந்து ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. எடையக் கொறைக்கச் சொன்னது நீங்கதான்னு."

அவர் பின்கட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "கொறைக்கச் சொன்னேன். எப்படின்னு சொன்னேனா? ஸ்பான்சர் காதுல விழுந்தா டீமே போச்சு தங்கச்சி. பத்துப் பேரு சோறு இது."

"சோறு வேணான்னுதானண்ணே அவனும் இருந்தான்."

அவர் துண்டைத் தோளில் போட்டார். "ஒடம்புக்குள்ள எது போனாலும் ஓட்டுறவன்தான் பொறுப்பு. சட்டமே அப்படித்தான், நான் என்னா செய்ய?" கொஞ்சம் தயங்கிவிட்டு, "எங்கிட்ட மறைக்காத. கோப்பி மட்டும்தானா? அந்த மேட்டுல அவ்வளோ ஸ்பீடு..."

"நீங்கதான படம் எடுத்துப் போட்டீங்க."

"அத அழிச்சிட்டேன்."

அவள் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள். அவர் அதை விரல் நுனியால் அவள் பக்கமே தள்ளினார்.

"எடுத்துட்டுப் போ மா. இது இங்க இருக்கக் கூடாது. சட்டைய மட்டும் வச்சிட்டுப் போ."

அவள் நீட்டிய சட்டையை உதறி, முதுகில் குகனின் பெயர் ஒட்டியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பெயர் ஏற்கெனவே உரிந்திருந்தது. பின்கட்டைப் பார்த்து, "கோகுலா," என்றார்.

புதிதாகச் சேர்ந்தவன் வந்தான். மாக் மண்டினில் வெல்டிங் வேலையை விட்டுவிட்டு வந்தவன். முன்கைகளில் நெருப்புப் பொறி பட்ட தழும்புகள். அவன் அந்தச் சட்டையை மாட்டி ஜிப்பை இழுத்தான். அது நெஞ்சுக்குக் கீழேயே நின்றது. கூச்சத்தோடு புஷ்பவள்ளியைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னும் மூணு கிலோ," என்று அந்தோணிராஜ் அவன் வயிற்றில் இரண்டு விரலால் தட்டினார்.

புஷ்பவள்ளி கோப்பிப் பெட்டியைப் பைக்குள் திணித்து, பையின் வாயை இறுக முடிந்தாள். கோகுலன் மூச்சை உள்ளே இழுத்து, விலா எலும்பு தெரிய வயிற்றை எக்கிக்கொண்டு ஜிப்பை மறுபடி இழுத்தான். அது ஓர் அங்குலம் ஏறியது.

"பாத்தியா," என்றார் அந்தோணிராஜ், "ஏறுதுல்ல."

அவன் தலையாட்டினான். மூச்சை இன்னும் விடவில்லை.