கடைசியாக வருகிறவர்

என் வீட்டுக்காரர் அழகியநம்பி பனிக்கட்டியைப் பார்த்ததெல்லாம் எங்கள் ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில்தான். பக்கத்து மலையான போனக்காட்டுக்கு ஒரு நாள் போய்வரவே குரங்குக் குல்லாவும் மஃப்ளரும் தேடுகிற மனிதர். அவர் பதினோரு வருஷமாகச் சேர்ப்பது என்னவோ, பனி விளையாட்டுப் படம் போட்ட முதல் நாள் உறைகள். அதுவும் அச்சடித்தது ஆகாது. கையால் வரைந்ததாக இருக்க வேண்டும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புதுத் தபால்தலை வெளியாகிற அன்றே அதை ஓர் உறையில் ஒட்டி, அன்றைய தேதி முத்திரை குத்தினால் அது முதல் நாள் உறை. வெளிநாட்டில் சில ஓவியர்கள் அந்த உறையின் இடது பக்கத்தில் வாட்டர் கலரில் படம் வரைந்து, எண் போட்டு விற்கிறார்கள். அறுபது உறை வரைந்தால் அறுபதும் கொஞ்சம் கொஞ்சம் வேறாக இருக்கும். அதில்தான் இந்த ஆட்களுக்குப் பைத்தியம்.

தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற கரமனையில், ஆற்றை ஒட்டிய தெரு எங்களுடையது. ஜூன் பிறந்தால் டப்பாவில் இருக்கிற அப்பளம்கூட நமுத்துப் போகும். அவருடைய உறைகள் மட்டும் ஸ்டீல் அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு சௌகரியமாகக் குடியிருக்கும். என் முட்டுவலிக்கு இந்தக் கவனிப்பில் கால்வாசி கிடைத்ததில்லை. அதை நான் அவரிடம் சொல்லாமல் விட்டதும் இல்லை.

அவற்றில் ஒன்று அவருக்கு உயிர். அறுபதில் இருபத்திரண்டாம் எண். பனிச்சறுக்குப் பந்தயம். காலில் நீளப் பலகை மாட்டி, கையில் கோல் ஊன்றி மூன்று பேர் போகிறார்கள். சிவப்புச் சட்டை, நீலச் சட்டை, மஞ்சள் சட்டை. பின்னால் ஒரு மலைச்சரிவு, இரண்டு மரம். மற்ற இடத்தில் ஓவியர் தூரிகையே வைக்கவில்லை. வெறும் காகிதத்தின் வெள்ளைதான் பனி. இவர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "நாலு பேரும் எப்படி வாறானுவ பாரு" என்பார். மூன்று பேர்தானே என்று எனக்குத் தோன்றும். ஒரு கண்ணில் புரை விழுந்தவரிடம் என்ன எண்ணிக்கை பேசுவது என்று விட்டுவிடுவேன்.

இந்த ஆகஸ்டில் நகரத்தில் தபால்தலைக் கண்காட்சி. முதல் தடவையாக அவருக்கும் கண்ணாடி போட்ட ஒரு காட்சிச் சட்டம் ஒதுக்கியிருந்தார்கள். பதினாறு தாள் வைக்கலாம். பதினாறாவது தாளில் இந்த உறை. இது இல்லாமல் மற்ற பதினைந்தும் எதற்கு என்றார்.

கொண்டுபோய்க் கொடுப்பதற்கு முந்தின நாள் காலையில் அவர் தலைப்பு அச்செடுக்கப் போயிருந்தார். நான் மேசையைத் துடைக்கும்போது அந்த உறையைப் பார்த்தேன். பனியில் நாலு பழுப்புப் புள்ளி. ஓரத்தில் மூன்று, மேலே சரிவில் ஒன்று. ஈரத்தில் காகிதத்துக்கு விழுகிற துரு. இவர் பார்த்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்று பயந்தேன். நான் முப்பது வருஷம் அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்ட். மேலதிகாரியே கண்டுபிடிக்காதபடி ஒயிட்னர் வைத்த கை இது. ஊசிமுனையில் தொட்டு நாலு புள்ளிக்கும் வைத்து, ஊதிக் காயவிட்டேன். பனி பனியாகவே இருந்தது. எனக்குப் பெருமைகூட வந்தது.

அவர் வந்து லென்ஸை எடுத்தார். உறையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"வேணி, இத ஆரு தொட்டது?"

"துரு விழுந்திருந்து. நாந்தான் ஒயிட்னர் வச்சேன். தெரியவா செய்யுது?"

"எத்தன எடத்துல?"

"நாலு."

"மூணுதான் துரு. ஒண்ணு ஆளாக்கும்."

ஃபோனில் முன்பு எடுத்து வைத்திருந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். சரிவில் மரத்துக்குப் பக்கத்தில் கடுகளவு பழுப்பு. அதற்குள் குனிந்த முதுகு, இரண்டு கோல். மற்றவர்கள் எங்கேயோ போய்விட்ட பிறகும் இறங்கி வந்துகொண்டிருக்கிற ஒருவர். அறுபதில் இந்த ஒன்றில் மட்டும் அவரை வரைந்ததாக ஓவியரே சீட்டில் எழுதி அனுப்பியிருந்தாராம்.

"எங்கிட்ட தெளிவாச் சொல்லப்பிடாதா?"

"நாலு பேருன்னு தெனமும் சொன்னேன் அல்லே."

சொன்னார்தான். கூட வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஆபீசராகிப் போன பிறகு, ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கும்போது பதவி உயர்வு வாங்கியவர் இவர். சரிவில் இருந்த அந்த ஆள் இவருக்கு யார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

"சொரண்டிப் பாக்கட்டா?"

"வாட்டர் கலர். சொரண்டினா ஆளும் கூடப் போயிருவான்."

தபால்தலைச் சங்கச் செயலாளர் சுனிலுக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "நம்பிச்சேட்டா, திருத்தினத சொல்லாம வச்சா கள்ளத்தனம்னு நடுவர் எழுதுவார். சொன்னா மார்க்கு போவும், மெடல் கிட்டாது. வேற கவர் வைக்கிறதாக்கும் நல்லது."

"சொல்லாம வச்சிருங்கோ," என்றேன் நான். "எவனும் கண்டுபிடிக்க மாட்டான்."

"நான் கண்டாச்சே," என்றார். பிறகு, "நீ வந்து டைப் செய்" என்று கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். மூன்று தடவை தப்பாகிவிட்டது.

கண்காட்சியில் உறைக்குக் கீழே நான் அடித்த சீட்டு இருந்தது: "இந்த உறையில் நான்கு இடங்களில் வெள்ளை மை வைத்துத் திருத்தப்பட்டுள்ளது. மூன்றின் அடியில் துரு. சரிவில் இருக்கும் நான்காவதன் அடியில், பந்தயத்தில் கடைசியாக வருகிறவர் இருக்கிறார்."

மெடல் கிடைக்கவில்லை. நடுவர் தாளில் அந்த உறைக்கு நேராகச் சிவப்புக் கோடு. ஆனால் மூன்று நாளும் மற்றச் சட்டங்களை நடந்துகொண்டே பார்த்தவர்கள் பதினாறாவது தாளுக்கு வந்ததும் நின்றார்கள். சீட்டைப் படித்தார்கள். கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்து, வெறும் வெள்ளையில் "எவிட, எவிட" என்று தேடினார்கள். இவர் பக்கத்தில் நின்று அலுக்காமல் விரல் நீட்டினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆல்பத்தை மடியில் வைத்திருந்தார். "நாந்தான் எல்லாத்தையும் கெடுத்தேன்" என்றேன்.

"சாரமில்ல, விடு," என்றார். "இத்தன நாளும் அவன நான் ஒருத்தன்தான் பாத்துக்கிட்டிருந்தேன். இப்போ ஊரே தேடிச்சு."