சத்தம் நின்றால்

அன்று காலை ஏழு மணிக்கு தீவு நகரத்தின் ஷாதிபூர் பகுதிச் சங்கக் கட்டடத்து மாடியில் இருந்தவர்கள்: தியானம் சொல்லித்தரும் மங்கையர்க்கரசி; பகலில் அவளுக்கு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி வேலை. ஜங்லிகாட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நாகராஜ், முழங்கால் மடங்காததால் நாற்காலியில். ஒற்றைத் தலைவலிக்காக வந்த பள்ளிக்கூட கிளார்க் ராஜகுமாரி. கடைசியாக ஆவுடையப்பன். தீவுக்குத் தீவு ஓடும் கப்பலில் என்ஜினுக்கு எண்ணெய் போடும் கிரீசர். பதினோரு நாளாகத் தூங்காதவன்.

கப்பல் பழுதுபார்க்க டாக்கில் ஏறியதிலிருந்து அவன் வீட்டில் கிடந்தான். ஒப்பந்தம் நீள வேண்டுமானால் மெடிக்கல் பாஸாக வேண்டும். இரண்டு முறை போனான், இரண்டு முறையும் பிரஷர் நூற்று எழுபதுக்கு மேல். மாத்திரைக்கும் மசியவில்லை. மூன்றாவது, கடைசி முறை இன்று பதினோரு மணிக்கு. தவறினால் கப்பல் இல்லை. நாற்பத்தாறு வயதில் அவனுக்கு வேறு தொழில் தெரியாது. "தூங்கினால் தானாக இறங்கும்" என்றார் டாக்டர். பட்டினிக்காரனிடம் சாப்பிட்டால் பசி போகும் என்பது மாதிரி.

"இதுல மந்திரம் ஒண்ணும் இல்லண்ணே," என்றாள் மங்கையர்க்கரசி. "மூச்சு உள்ள போறதைப் பாருங்க, வெளிய வர்றதைப் பாருங்க. மனசு ஓடும். திட்டாம கூட்டிட்டு வாங்க. தினம் பத்து நிமிஷம் உக்காந்தா நாலு வாரத்துல தூக்கம் சீராகும், பிரஷரும் கொஞ்சம் இறங்கலாம்."

"நாலு வாரமா? எனக்கு நாலு மணி நேரந்தான் இருக்கு டீச்சர்."

நாகராஜ் சிரித்தார். "அரே பாய், இது என்ன காய்ச்சல் மாத்திரையா?"

அவள் ஜன்னல்களைச் சாத்தினாள். மின்விசிறியை அணைத்தாள். எல்லோரும் கண்களை மூடினார்கள். விசிறி இழுத்து இழுத்துச் சுற்றி நின்றது.

அடுத்த நொடி ஆவுடையப்பன் எழுந்து ஓடிக்கொண்டிருந்தான். "மெயின் என்ஜின் நின்னுட்டு! ஜெனரேட்டரப் போடுல!" நாகராஜ் நாற்காலியோடு சாய்ந்தார். ராஜகுமாரி கத்தினாள். சுவரில் இல்லாத வால்வை அவன் கை தேடிக்கொண்டிருந்தது.

"பாகல் ஹை க்யா? பைத்தியமா?" என்றார் நாகராஜ் தரையிலிருந்து.

ஆவுடையப்பன் சுவரைப் பிடித்தபடி நின்றான். என்ஜின் காதைக் கிழித்தாலும் கப்பலில் தூங்கலாம். சத்தம் நின்றால்தான் விழிக்க வேண்டும், இல்லாவிட்டால் கப்பல் பாறையில் போய் மோதும். இருபத்திரண்டு வருடமாக உடம்பு படித்த ஒரே பாடம் அது. அவன் மனைவி மரகதமோ, பாவம், அவன் தூங்கட்டும் என்று டிவியை அணைத்து, மிக்ஸியை அடுத்த வீட்டில் ஓட்டி, பிள்ளைகளைத் தங்கை வீட்டுக்கு அனுப்பி, வீட்டையே மயானமாக்கி வைத்திருந்தாள். பதினோரு ராத்திரியும் அவன் என்ஜின் நின்ற கப்பலில் கண் விழித்துக் கிடந்திருக்கிறான்.

அவன் இதைச் சொன்னதும் மங்கையர்க்கரசி ஜன்னலைத் திறந்தாள். "நான்தாண்ணே கேக்காம விட்டுட்டேன். தியானத்துக்கு அமைதி கட்டாயம் இல்ல. சத்தத்தையே கவனிச்சும் உக்காரலாம்."

"எங்க உக்கார? கப்பல் டாக்குல கெடக்கு."

இன்று நகராட்சி தண்ணீர் விடும் நாள். கீழே பம்பு அறையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவன் இறங்கி உள்ளே போய் எண்ணெய் வாடையை இழுத்தான். தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தான். முதுகு முழுக்க அதிர்ந்தது.

"மூச்ச விடுங்க, மோட்டாரப் பாருங்க," என்றாள் அவள் வாசலில் நின்று. "ஆனா டேங்க் நெறஞ்சா இது நின்னுரும்ணே. அப்ப?"

"தூக்கத்துலயே ரோட்டுக்கு ஓடுவேன். அதான் வெளிய பூட்டச் சொல்லுதேன்."

"உள்ள வச்சா? ஆளுக என்ன சொல்லுவாங்க?"

"என்னமும் சொல்லட்டும். இங்க தூங்கலன்னா இனிமே எங்கயும் தூங்க மாட்டேன். பத்து மணிக்குத் தொறங்க தாயி, பத்தரைக்கு மெடிக்கலுக்கு ஃபீனிக்ஸ் பேயில நிக்கணும்."

அவன் குரலைக் கேட்டபின் அவள் வாதாடவில்லை. கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் இழுபட்டது. பூட்டில் சாவி திரும்பியது. உள்ளே மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.