மாமனுக்கு ஆகாத பல்

பூட்டிய உதடுகள், அவற்றின்மேல் அந்த வெள்ளை விளக்கு, எவ்வளவு வெளிச்சம் விழுந்தும் திறக்கவில்லை, சாய்வு நாற்காலியில் தாடை வீங்கிக் கிடக்கிறாள் செண்பகா, ஆறு வயது, என் தங்கை மகள், இந்தப் பிடிவாதத்தை நான் எங்கள் அப்பா முகத்தில்தான் பார்த்திருக்கிறேன், ஆ சொல்லு கண்ணு, ஒரே ஒரு ஆ, என்கிறாள் பல் டாக்டர் பெண், தொறம்மா, என்று கெஞ்சுகிறாள் தங்கை வேலம்மாள், சுவரோர நாற்காலியில் அவள் மாமியார் ஆவுடையம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், பிள்ளையை அல்ல, என்னை, அந்தப் பார்வை எனக்குப் பழக்கம், பிள்ளை பிறந்த அன்று என்மேல் விழுந்தது, இன்னும் எடுக்கவில்லை.

அன்று பாளையங்கோட்டையில் மழை, பிரசவ வார்டில் ஈரத்துணி வாடை, துணிச் சுருணைக்குள் சிவப்பாக ஒரு முகம், அழ வாய் திறந்தபோது கீழ் ஈறில் அரிசிமுனைபோல ஒரு பல், பல்லோட பொறந்திருக்கு, தாய்மாமனுக்கு ஆகாது, பிடுங்கிப் போட்டுருவோம், நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எங்க வீட்டுக்குல்லா கெட்ட பேரு, என்கிறாள் ஆவுடையம்மாள், பல் உறுதியாக இருக்கிறது, எடுக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், சொன்ன பிறகும் அவள் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்து நிற்கிறாள், பிள்ளை நெழல மொதல்ல எண்ணெயில பாத்துட்டு அப்புறமா மொகத்தப் பாருங்க, தோசம் கழிஞ்சிரும், நான் கிண்ணத்தை ஒதுக்கினேன், எங்க வீட்டு ஆம்பளைங்க பச்சப்புள்ள பல்லுக்குப் பயந்து சாகிறவங்க இல்ல, எம் பேரச் சொல்லி ஒருத்தரும் அந்தப் பல்லத் தொடப்பிடாது, என்றேன், என் விரலை அந்த வாய்க்குள் விட்டேன், பிள்ளை பால் என்று நினைத்துச் சப்பியது, பல் சுருக்கென்று குத்தியது, நான் கையை எடுக்கவில்லை, ஆவுடையம்மாள் பார்க்கட்டும் என்று வைத்துக்கொண்டே நின்றேன், வேலம்மாள் எனக்குத் தங்கையல்ல, மகள், எனக்கும் அவளுக்கும் நடுவில் பிறந்ததெல்லாம் தங்கவில்லை, அப்பா போன பிறகு அவளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவன் நான், அவளைக் கொடுத்த வீட்டில் என் தலை குனியக்கூடாது.

பிறகு ஒரு தீபாவளி வருகிறது, வரிசைத் தாம்பாளத்தோடு நான் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நிற்கிறேன், தரை என்னை நோக்கி எழும்பி வருகிறது, கண் திறந்தால் ஆஸ்பத்திரி, இடது கை என்னுடையதாக இல்லை, வராந்தாவில் அவள் குரல், அன்னைக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேன், பெரியவுக கேட்டாவளா, அது என் காதில் விழட்டும் என்றே சொன்ன குரல், ரத்த அழுத்தம் என்று டாக்டர் சொன்னது ஊரில் ஒருவருக்கும் தெரியாது, பல் என்று அவள் சொன்னது எல்லோருக்கும் தெரியும், நேற்று வேலம்மாள் போனில் அழுகிறாள், அண்ணே, அந்தப் பல்லு சொத்தையாகிச் சீழ் வச்சிருச்சு, எடுக்கணுமாம், நான் யோசித்தேன், எடுத்த பிறகு என் இடது கை சரியாகிவிட்டால் அவள் சொன்னது நிஜமாகும், நான் விழுந்து செத்தால் அதுவும் அவள் சொன்னபடியே, எந்தப் பக்கம் போனாலும் ஜெயிப்பவள் அவள், அதனால்தான் வந்தேன், விறைப்பாக, கம்பை ஊன்றி, அவள் முன்னால் நிற்க.

இன்னைக்கு எடுக்கலன்னா சீழ் எலும்புக்கு எறங்கிரும் ஐயா, அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிதான், ஆனா பிடிச்சு அமுக்கி வச்சு எடுக்க மாட்டேன், அவளாத் தொறக்கணும், என்கிறாள் டாக்டர், தாய்மாமன் சொன்னாத் தொறப்பா, அவுக பல்லுதான அது, என்கிறாள் ஆவுடையம்மாள், உதட்டோரச் சிரிப்போடு, நான் நாற்காலி அருகே போகிறேன், ஏட்டி, வாயத் தொற, செண்பகா தலையாட்டுகிறாள், என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள், உதடு பிரியாமல் காதோடு சொல்கிறாள், எடுத்தா நீங்க செத்துப் போவீய, யாருட்டி சொன்னா, என்கிறேன், பாட்டியைக் கண்ணால் காட்டுகிறாள், ஆச்சி, அது மாமனுக்கு எமன், நோண்டாதன்னா, நான் அந்தப் பல்லால முறுக்கு கடிச்சேன்லா, அப்பதான நீங்க விழுந்தீய, அதுக்கப்புறம் நான் கடிக்கவே இல்ல மாமா, வெளக்கக்கூட இல்ல, தொடவே இல்ல.

சின்னப்புள்ள என்னமோ ஒளருது, என்று ஆவுடையம்மாள் எழுந்தாள், இருங்க அங்கேயே, என்றேன், அவள் உட்கார்ந்தாள், இத்தனை வருடம் இந்த வீங்கிய தாடைக்குள் பிள்ளை காத்துவந்தது என்னையா, எனக்குக் காவல் இந்தப் பொடிசா, அவமானம் நெஞ்சில் காரமாக ஏறுகிறது, பிள்ளைக்குக் காட்ட என்னிடம் ஒன்றுதான் இருந்தது, மதுரையில் போய்க் கட்டிக்கொண்டு வந்தது, இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது, வேலம்மாளுக்கும் தெரியாது, அதற்காகவே விசேஷ வீடுகளில் பந்தியில் உட்காராமல் வந்திருக்கிறேன், வலது கையை வாய்க்குள் விட்டேன், மேல் வரிசைப் பொய்ப்பல்லைக் கழற்றினேன், கீழ் வரிசையைக் கழற்றினேன், டாக்டரின் தட்டில் வைத்தேன், அண்ணே, என்றாள் வேலம்மாள், என் கன்னங்கள் உள்ளே போய்விட்டன, குரல் காற்றாக வந்தது, பாரு, ஒண்ணுகூட இல்ல, அம்புட்டையும் பிடுங்கியாச்சு, செத்தாட்டி போனேன், உன் பல்லு என்ன பெரிய பல்லு, ஆவுடையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்துகிறாள், சிரிப்பில் தோள் குலுங்குகிறது, சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள், சொல்லட்டும், செண்பகா என் வாய்க்குள் எட்டிப் பார்க்கிறாள், நன்றாகப் பார்க்கிறாள், மாமா நீங்க பாப்பா மாதிரி இருக்கீய, என்று சிரிக்கிறாள், வலியோடு சிரிக்கிறாள், டாக்டரின் கை ஊசியோடு நெருங்குகிறது, என் விரல் செண்பகாவின் கைக்குள் நசுங்குகிறது, உதடுகள் திறந்திருக்கின்றன, அவளுடையவை, என்னுடையவை, அந்த வெள்ளை விளக்கு இரண்டு வாய்களுக்குள்ளும் அடிவரை விழுகிறது, அது அணையும்வரை ஆவுடையம்மாளைப் பார்த்தபடி நான் வாயை மூடவில்லை.