ஊசியின் இடது கால்

பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு எக்ஸ்ரே மேசையில் ஏறி உட்கார்ந்தவர், உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துத் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார். அப்போதுதான் ஆள் யார் என்று தெரிந்தது. முகத்தை வைத்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. அது ஊதி, கன்னம் தொங்கி, பத்திரிகையில் வரும் ஏதோ ஒரு பெரிய மனிதரின் முகமாகிவிட்டிருந்தது. ஆனால் அந்தத் தேய்ப்பும் தட்டும் நாற்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒவ்வொரு ஆட்டம் தொடங்கும்போதும் மைதானத்தின் நடுவில் நின்று அவர் செய்தவை. சீட்டை எடுத்துப் பெயரை இன்னொரு தரம் பார்த்தேன். அவரேதான். கல்லூரி அணியின் கேப்டன். என் அண்ணனின் காலை உடைத்தவர்.

வலது முழங்கால், இரண்டு கோணம், அடுத்த வாரம் வியாழக்கிழமை அறுவை சிகிச்சை என்று டாக்டர் எழுதியிருந்தார்.

"கண்ணாடி வெளிய பையன்கிட்ட இருக்கும்மா. எதுலயாவது கையெழுத்துப் போடணும்னா கூப்பிட்டுக்கலாம்," என்றார்.

"ஒண்ணும் வேண்டாம் சார். காலை நீட்டுங்க."

கண்ணாடி இல்லாததால் என் சட்டையில் குத்தியிருந்த பெயரை அவரால் படிக்க முடியவில்லை. படித்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? கூட ஆடியவனின் தங்கை பெயரை எல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

எங்கள் வேலையில் ஒரு சின்னச் சமாச்சாரம் உண்டு. வலது முழங்காலின் படத்தைத் திருப்பிப் போட்டால் இடது மாதிரியேதான் இருக்கும். அதனால் ஈயத்தில் வார்த்த நகத்தளவு எழுத்து ஒன்றைக் காலுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் எடுப்போம். வலதுக்கு ஆர், இடதுக்கு எல். எழுத்தும் எலும்போடு சேர்ந்து வெள்ளையாகப் படத்தில் விழும். அதை மாற்றி வைப்பது எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு தரம்கூடச் செய்ததில்லை. என் படத்தில் ஒன்றும் சீட்டில் ஒன்றும் இருந்தால், எழுதிய டாக்டரே தன் கையெழுத்தைத்தான் சந்தேகப்படுவார். அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறவளுக்கு இருக்கும் ஒரே சொத்து இந்தப் பேர்தான்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இந்தக் கால் தாங்குமாம்மா? ஒரு மேட்ச்சை நான்தான் பந்தை உதைச்சு ஆரம்பிச்சு வைக்கணும்," என்றார்.

மேசையில் ஏறவே என் தோளைப் பிடித்துக்கொண்டவர், பந்தை உதைக்கப் போகிறாராம்.

"என்ன மேட்ச் சார்?"

"ஊசி நினைவுக் கோப்பை. எங்க காலேஜ் பிளேயர். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

எனக்கா தெரியாது? இரண்டு தடுப்பாட்டக்காரர்களின் கால்களுக்கு நடுவே நூல் கோப்பது மாதிரி பந்தைக் கோத்து எடுத்துப் போவான் என்பதால் அண்ணனுக்கு அந்தப் பெயர். ஊசி விளையாடும் நாளில் நூலகம் மூன்று மணிக்கே மூடிக் கிடக்கும். நூலகர் மைதானக் கோட்டுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டிருப்பார். அவனுடைய இடது காலுறை எப்போதும் கணுக்காலில் சரிந்து கிடக்கும் என்பதற்காக, பந்தைத் தொட்டே பார்க்காத பையன்கள்கூட இடது காலுறையை இறக்கிவிட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். கோல் போட்டால் குதிக்க மாட்டான். வலைக்குள் போய்ப் பந்தைத் தானே எடுத்து வந்து நடுவில் வைத்துவிட்டு, ஏதோ தப்பு செய்தவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். தோற்ற அணியின் கோல்கீப்பர் ஒருவன், ஆட்டம் முடிந்ததும் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றியதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டு நடையில் பழைய காலுறைகளைச் சுருட்டிப் பந்தாக்கி எனக்கும் ஆடச் சொல்லிக்கொடுத்தான். "காலைப் பாக்காத குட்டி, இடுப்பைப் பாரு. கால் பொய் சொல்லும். இடுப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது," என்பான்.

அதனால்தான் அன்றைக்கு நான் இடுப்பைப் பார்த்தேன்.

பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்க மூன்று நாள் இருந்தது. எங்கள் கல்லூரிக்கு ஒரே ஒரு இடம். பயிற்சி ஆட்டம்தான். நான் கோலுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கிக்கொண்டிருந்தேன். பந்து அண்ணனின் காலை விட்டு ஓரத்து ஆட்டக்காரனிடம் போய்ச் சேர்ந்தே விட்டது. கேப்டன் அதற்கப்புறம்தான் வந்தார். அவர் இடுப்பு பந்தின் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணனின் முழங்கால் உடைந்த அந்தச் சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கும். ஆஸ்பத்திரியில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கேப்டன் குலுங்கிக் குலுங்கி அழுதார். டாக்டர் கேட்டபோது அண்ணன் கேப்டன் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "குழியில மாட்டிக்கிச்சு சார்," என்றான். வாயைத் திறக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நான் பார்த்த முதல் எக்ஸ்ரே அது.

அந்த ஒரு இடம் கேப்டனுக்குக் கிடைத்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, பதவி, முன்னாள் மாணவர் சங்கத் தலைவர் நாற்காலி எல்லாம் அதன் பின்னாலேயே வந்தன. அண்ணன் ஒரு கிடங்கில் உட்கார்ந்தே பார்க்கிற வேலையில் நாற்பது வருடம் இருந்தான். மைதானம் இருக்கும் தெருவைத் தவிர்த்து நொண்டிக்கொண்டே சுற்றிப் போவான். ஒரு நாள் பிள்ளைகள் விளையாடிய பந்து அவன் காலடிக்கே உருண்டு வந்தது. உதைப்பான் என்று நான் நினைத்தேன். கஷ்டப்பட்டுக் குனிந்து கையால் எடுத்துக் கொடுத்தான். போன வருடம் செத்துப்போகும்வரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவன் மன்னித்துவிட்டான். நான் மன்னிக்கவில்லை. அவன் மன்னித்ததையும் சேர்த்துத்தான் மன்னிக்கவில்லை.

"அவருக்கு என்ன ஆச்சு சார்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே இனிப்பாக இருந்தது.

"பாவம்மா. கிரவுண்டுல ஒரு குழி. வலது முழங்கால் அப்படியே போயிடுச்சு. நான்தான் தூக்கிட்டு ஓடினேன். ஞாயித்துக்கிழமை அதைத்தான் பேசப்போறேன், கேட்டா அழுதுடுவீங்க."

"வலதா சார்?"

"வலதுதான், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இப்ப பாருங்க, எனக்கும் அதே வலது போகுது. அப்படி ஒரு சிநேகிதம்."

குழியைக்கூடப் பொறுத்திருப்பேன், அது அண்ணன் கொடுத்த பிச்சை. ஊர் முழுக்கக் காலுறையை இறக்கிவிட்டுக்கொண்டு நடந்ததே, அந்தக் கால் எது என்றுகூட இந்த ஆளுக்குத் தெரியவில்லை. உடைத்த காலையே மறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கி எழுந்திருக்கிறார்.

தட்டில் இரண்டு எழுத்துகளும் கிடந்தன. நான் எல் எழுத்தை எடுத்து அவருடைய வலது முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஈயக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அமுக்கினேன். திரையில் படம் வந்தது. தேய்ந்த மூட்டு, அதன் பக்கத்தில் பளிச்சென்று இடது. அனுப்பிவிட்டால் போதும். வியாழக்கிழமை நல்ல காலைத் திறந்துவிட்டுத் திகைத்து நிற்பார்கள். அப்புறம் நொண்டிக்கொண்டு எந்தத் தெருவையெல்லாம் சுற்றிப் போகிறார் என்று நானும் பார்க்கலாம். நாற்பத்திரண்டு வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

ஆனால் விரல் கீழே இறங்கவில்லை. இரக்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மயக்கத்தில் கிடக்கிறவருக்கு எது ஏன் நடந்தது என்று எப்படித் தெரியும்? தவறுதலாக நடந்துவிட்டது என்பார்கள், வருந்துகிறோம் என்பார்கள். அதுவும் ஒரு குழிக் கதையாகத்தான் போய்ச் சேரும். எனக்கு அது போதாது.

படத்தை அழித்தேன். அழித்தால் காரணம் கேட்கும் இந்த இயந்திரம். நோயாளி அசைந்துவிட்டார் என்பதைத் தொட்டேன்.

"இன்னொரு தரம் எடுக்கணும் சார். அசைஞ்சிட்டீங்க."

"நான் அசையவே இல்லையேம்மா."

"அசைஞ்சீங்க. மெஷின்ல அப்படித்தான் பதிவாகியிருக்கு. இனிமே அதுதான் உண்மை." அவர் பக்கத்தில் போய் நின்றேன். "ஊசிக்குப் போனது இடது கால் சார். அங்க குழியும் இல்ல. பந்து விங்குக்குப் போனதுக்கப்புறம்தான் நீங்க வந்தீங்க. கோலுக்குப் பின்னாடி ஒரு பொண்ணு பந்து பொறுக்கிட்டு நின்னுச்சே, அது பாத்துட்டுதான் இருந்துச்சு."

தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. கண்ணைச் சுருக்கி என்னையே பார்த்தார்.

"நீ... குட்டியா?"

அந்தப் பெயரை அவர் வாயில் கேட்டதும் பளாரென்று ஒன்று விடலாம் போலிருந்தது.

"அவன் ஒரு நாளும் கேக்கலையேம்மா," என்றார் மெதுவாக.

"அவன் கேக்கல. நான் கேக்குறேன்."

முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த எழுத்தையும் தட்டில் கிடந்த மற்றதையும் எடுத்து அவர் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்தேன். வியர்த்து ஈரமாக இருந்தது.

"இதுல ஒண்ணு வலது, ஒண்ணு இடது. இதைப் பாத்துத்தான் வியாழக்கிழமை காலைத் திறப்பாங்க. இப்பத்தான் மாத்தி வச்சு ஒரு படம் எடுத்து அழிச்சேன். இந்தத் தரம் நீங்களே வைங்க."

"கண்ணாடி இல்லாம எனக்கு எப்படித் தெரியும்? பையனைக் கூப்பிடும்மா."

"படம் எடுக்குற நேரத்துல வேற யாரும் உள்ள வரக்கூடாது சார்."

"அப்ப எது எதுன்னு நீயே சொல்லிடு. நீ சொன்னா நம்புறேன்."

"ஊசிக்கு எந்தக் காலை உடைச்சீங்கன்னு நீங்க முதல்ல சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை மைக்குல சொல்லுவீங்களான்னும் சொல்லுங்க. அப்புறம் பாக்கலாம்."

தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானில் கை வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே அடுத்த ஆள் கதவைத் தட்டினார். எனக்கு அவசரமில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு காலில் சுருட்டிய பேன்ட்டோடு கேப்டன் உட்கார்ந்திருந்தார். ஈய எழுத்துகளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார், பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார், விளக்குக்கு நேராகத் தூக்கினார். ஒன்றைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தார். உடனே அதை எடுத்துவிட்டு மற்றதை வைத்தார். மறுபடியும் எடுத்தார்.