கட்டிங் லேட்டானால் எடை குறையுமா?

தங்கமணிக்கும் பக்கத்து வீட்டு ஜெயசுதாவுக்கும் பொழுது போவதே அடுத்தவர் கேள்வியில்தான். சாயங்காலம் பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, காலி கேனை மடியில் வைத்துக்கொண்டு சொசைட்டிப் படியிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். மேற்கே கல்வராயன் மலை கறுத்துக்கொண்டே வரும். ஜெயசுதா போனை எடுப்பாள்.

ஃபேஸ்புக்கில் 'கேட்டால் தப்பில்லை' என்று ஒரு குழு. அதில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கேட்கவும் செய்கிறார்கள்.

"இத கேளேன். பஸ்ல சீட்டுக்குத் துண்டு போட்டாராம். துண்டு மேலயே ஒருத்தரு வந்து குந்திக்கினாராம். இப்ப சீட்டு யாருது, துண்டு யாருதுன்னு கேக்கறாரு."

"சீட்டு குந்தினவருது. துண்டும் அவருதுதான், எழுந்தாத்தானே உருவ முடியும்" என்றாள் தங்கமணி.

"இது இன்னொண்ணு. அடைகோழிய வெளியூருக்குப் பஸ்ல எடுத்துக்கினு போணுமாம். கோழிக்கு டிக்கெட்டு சரி, முட்டைக்கும் வாங்கணுமான்னு."

ஜெயசுதாவுக்குச் சிரிப்பு வந்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வாள். தங்கமணி அப்படியில்லை. வாய்விட்டுச் சிரிப்பாள், காலி கேன் மடியில் குலுங்கும். சிரித்து முடித்து ஒரு வார்த்தை சொல்லுவாள்.

"ஏன்டி, இதுங்களுக்கெல்லாம் அக்கம்பக்கத்துல கேக்கறதுக்கு ஒரு ஆளு கூடவா இல்ல?"

தினமும் சொல்லுகிற வார்த்தைதான். சொன்ன வார்த்தை சும்மா போவதில்லை பாருங்கள். ஊரைச் சுற்றிவிட்டு ஒருநாள் சொன்னவர் வாசலுக்கே வந்து நிற்கும்.

தங்கமணியின் புருஷன் பொன்னுரங்கம் ஆடி முடிந்ததும் ஓசூருக்குப் போய்விட்டான். ஒரு கிடங்கில் காவல் வேலை. இங்கே ஒன்றரை ஏக்கர் கரும்பு நின்றது. போகும்போது பஸ் படியில் கால் வைத்துக்கொண்டே சொன்னான்: "இந்த ஒரு வெட்டு நீ பாரு தங்கமணி. உன்னால முடியலன்னா நிலத்த அண்ணன்கிட்டயே குத்தகைக்கு வுட்டுடலாம்."

அண்ணன் ஆதிமூலம் அந்தப் பேச்சுக்காகவே காத்திருந்தவர்போல இருந்தார். அவருடைய நிலம் பக்கத்து நிலம்தான். வரப்பில் எதிர்ப்பட்டால் போதும், "மாடு கறக்கறதும் கரும்பு பாக்கறதும் ஒண்ணாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அவர் குத்தகைக்கு எடுத்த நிலம் திரும்பி வந்ததை யாரும் பார்த்ததில்லை. தங்கமணிக்குச் சொத்து என்று இருந்தது அந்த ஒன்றரை ஏக்கரும் இரண்டு மாடும்தான். அதனால் அவள் ஒரு சங்கல்பம் செய்துகொண்டாள். தனக்குக் கரும்பில் தெரியாதது ஒன்று உண்டு என்று ஊரில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியக் கூடாது.

கரும்பும் நன்றாகத்தான் வந்தது. ஐப்பசி மழையில் எல்லோருக்கும் வெட்டு தள்ளிப்போனதில்தான் சிக்கல். கரும்பை நினைத்தபோது வெட்ட முடியாது. வெட்டலாம் என்று ஆலையிலிருந்து உத்தரவு வர வேண்டும். கட்டிங் ஆர்டர் என்று அதற்குப் பெயர். கரும்புக்காரர்கள் வாயில் அது வெறும் 'கட்டிங்'. உனக்குக் கட்டிங் வந்துடிச்சா, எனக்கு இன்னும் கட்டிங் வரல, இதுதான் தை மாசம் முழுக்கப் பேச்சு.

கட்டிங் இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று தங்கமணி வயலுக்குத் தண்ணீரை நிறுத்திவிட்டாள். வெட்டுக்கு முன்னால் காயப்போட வேண்டும் என்று பொன்னுரங்கம் எப்போதோ சொன்னது ஞாபகம். கட்டிங் வரவில்லை. தோகை காய்ந்துகொண்டே போனது. மார்கழியிலேயே கரும்பு பூ வைத்துவிட்டது. வயல் முழுக்க வெள்ளிக் குஞ்சம் கட்டினமாதிரி பூ. பார்க்க அழகுதான். ஆனால் பூத்த கரும்பு தக்கையாகிவிடும் என்று யாரோ பேசிக்கொண்டு போனது காதில் விழுந்திருந்தது. தண்ணீரை மறுபடியும் விடுவதா, வேண்டாமா? விட்டால் சர்க்கரை போய்விடுமா? விடாவிட்டால் எடை போய்விடுமா?

ஜெயசுதாவைக் கேட்கலாம். ஆனால் அவள் புருஷன் ஆதிமூலத்தின் டிராக்டரைத்தான் ஓட்டுகிறான். பொன்னுரங்கத்தைக் கேட்கலாம். "சரி வுடு, அண்ணன் பாத்துக்கட்டும்" என்று அவன் சொல்லிவிட்டால்?

ஒரு மத்தியானம் அவள் போனை எடுத்தாள். அது பொன்னுரங்கத்தின் பழைய போன். அதில் இருந்த கணக்கும் அவன் பெயரில்தான். ரிஷிவந்தியம் கோயில் முன்னால் வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக அவன் நிற்கிற படம், கீழே ஊர் கள்ளக்குறிச்சி என்று. அவள் 'கேட்டால் தப்பில்லை'யில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடி இப்படி எழுதினாள்:

'தண்ணிய நிறுத்திட்டேன். கட்டிங் லேட் ஆனா எடை கொறையுமா? பூ வேற வெச்சிடிச்சி. பக்கத்துல யார்கிட்டயும் கேக்க முடியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.'

கரும்பு என்ற வார்த்தையை எழுதவில்லை. தை மாசத்தில் அதைத் தனியாக வேறு எழுத வேண்டுமா என்ன?

மறுநாள் சாயங்காலம் சொசைட்டிப் படியில் ஜெயசுதா போனைத் திறந்தவள் உடனே முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ஐயோ, இத கேளு தங்கமணி. இன்னிக்கி இதுதான் எல்லா எடத்துலயும் ஓடிக்கினு இருக்கு. ஒரு ஆளு தண்ணிய நிறுத்திட்டானாம். கட்டிங் லேட்டானா எடை கொறையுமான்னு கேக்கறான். பூ வேற வெச்சிடிச்சாம்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "கீழ ஒருத்தன் எழுதிக்கிறான் பாரு. கடை தொறக்கறதே பன்னெண்டு மணிக்கி, கொஞ்சம் பொறுங்கண்ணே. இன்னொருத்தன், பூ வெச்சது வூட்டுக்காரம்மாவா, பொட்டும் வெச்சாங்களான்னு…"

தங்கமணி சிரிக்கவில்லை. முதலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவும் இல்லை. பிறகு மெதுவாக ஒவ்வொன்றாக விளங்கியது. தண்ணி. கட்டிங். பாட்டிலைப் பாதிப் பாதியாகப் பங்குபோட்டுக் குடிப்பதற்கும் அதுதான் பெயர். அது அவளுக்குத் தெரியாத சங்கதியா? தெரிந்ததுதான். பூத்த கரும்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவளுக்கு அது எப்படித் தோன்றும்?

ஜெயசுதா விரலால் தள்ளிக்கொண்டே போனவள் சட்டென்று நின்றாள். முந்தானை வாயிலிருந்து நழுவியது.

"இது… இது உங்க வூட்டுக்காரரு படமாச்சே."

தங்கமணி மடியிலிருந்த காலி கேனைக் கீழே இறக்கி வைத்தாள். சொசைட்டிக்காரர் உள்ளே கேன்களை உருட்டுகிற சத்தம் கேட்டது.

"கரும்பாடி?" என்று ஜெயசுதா தணிந்த குரலில் கேட்டாள். தங்கமணி தலையை ஆட்டினாள். "இத என்னாண்ட கேக்கக் கூடாதா நீ?"

"உங்க வூட்டுக்காரரு யார் டிராக்டர ஓட்றாரு?"

ஜெயசுதா போனை மடியில் கவிழ்த்தாள். "மொதல்ல அத அழி. ஆதிமூலம் அண்ணன் கண்ணுல படறதுக்குள்ள அழிச்சிடு" என்றாள்.

தங்கமணி கேனைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு நடந்தாள். பொன்னுரங்கம் ஒரு காலத்தில் குடித்தவன். சின்ன மகள் பிறந்த வருஷம் ரிஷிவந்தியம் கோயிலில் நின்று சத்தியம் செய்து குடியை விட்டவன். அந்தப் படம் அன்றைக்கு எடுத்தது. அந்தப் படத்துக்குக் கீழேதான் இத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். முக்கால்வாசி விளையாட்டுதான். வேறு யாருக்காவது எழுதியிருந்தால் அவளே கேன் குலுங்கச் சிரித்திருப்பாள். ஒருவன் மட்டும் ஒரே வரி எழுதியிருந்தான்: 'ஊரு கள்ளக்குறிச்சியா, அப்ப சரி.' விஷச் சாராயம் எத்தனை வீட்டு விளக்கை அணைத்தது என்று இந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். எழுதியவனுக்கு ஊர்ப் பெயர் மட்டும்தான் தெரிந்திருந்தது. அந்த வரியில் அவள் வெகுநேரம் நின்றாள்.

அழித்துவிடலாம் என்று விரலை வைக்கப் போனபோது கடைசியில் ஒரு பதில் கண்ணில் பட்டது. அதை யாரும் கவனித்தமாதிரி இல்லை. ரெஜினா என்று பெயர், படத்தில் ஒரு மாதா சுரூபம்.

'அண்ணே, இவங்க சிரிக்கறதக் கண்டுக்காதீங்க. நீங்க கேக்கறது கரும்புதானே? நான் கடலூர் பக்கம். போன வருஷம் நானும் கட்டிங் வரும்னு தண்ணிய நிறுத்திட்டு ஏமாந்தேன். பூ வெச்ச உடனே எடை போயிடாது. தண்ணி காட்டாம வுட்டாதான் சீக்கிரம் போவும். கட்டிங் வர வரைக்கும் லேசா தண்ணி கட்டுங்க. ஒரு கரும்ப மேல்பக்கமா குறுக்க வெட்டிப் பாருங்க. நடுவுல வெள்ளையா பஞ்சாட்டம் இருந்தா ஆலை ஆபீஸ்ல சொல்லி அவசரப்படுத்துங்க. யார்கிட்டயும் கேக்க முடியலன்னு எழுதியிருந்தீங்க, அதான் சிரிப்பு வரல எனக்கு.'

தங்கமணி கொக்கி அரிவாளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். நல்ல திரட்சியான கரும்பு ஒன்றை வெட்டி, மேல் கணுவுக்குக் கீழே குறுக்கே ஒரு வெட்டுப் போட்டாள். நடுவில் மிளகளவு வெள்ளை. அதைச் சுற்றிச் சாறு கசிந்து வந்தது. எடை இன்னும் போகவில்லை. போக ஆரம்பிக்கிறது, அவ்வளவுதான். அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது போன் அடித்தது. பொன்னுரங்கம்.

"இன்னா எழுதி வெச்சிருக்க?" என்றான். குரலில் கோபமா வேறெதுவா என்று தெரியவில்லை. "இன்னிக்கி வேலைக்கு வந்ததுல இருந்து என்னைய ஒருத்தன் வுடல. இன்னா பொன்னுரங்கம், கட்டிங் இல்லாம எளச்சிட்டியான்னு சூப்பர்வைசரே கேக்கறாரு."

"தெரியாம எழுதிட்டேங்க. அழிச்சிடறேன்."

"அத வுடு. கரும்பு பூ வெச்சிடிச்சா?"

"ம்."

"எப்ப?"

"மார்கழியில."

அந்தப் பக்கம் ஒரு லாரி உறுமிக்கொண்டு போனது. "ஊரு உலகத்தக் கேட்ட. என்னாண்ட ஏன் கேக்கல தங்கமணி?"

அவள் கையிலிருந்த கரும்பைத் திருப்பிப் பார்த்தாள். "தெரியாதவங்க சிரிச்சா அந்தச் சிரிப்பு எங்கியோ இருக்கும்ங்க. நீங்க சிரிச்சா அது வூட்டுக்குள்ள வந்து குந்திக்கும். அண்ணன்கிட்ட வுட்டுடலாம்னு சொல்லிடுவீங்களோன்னு…"

பொன்னுரங்கம் பஸ் படியில் நின்று சொன்னது அவனுக்கும் ஞாபகம் வந்திருக்கும். பிறகு கேட்டான், "தண்ணிய நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேன்."

"நானும்தான் நிறுத்திட்டேன்" என்றான். அதற்குமேல் அவனால் அடக்க முடியவில்லை. பொங்கிப் பொங்கிச் சிரித்தான். எங்கோ ஓசூரில் லாரிகளுக்கு நடுவே நின்று அவன் சிரிப்பதைக் கேட்டு அவளுக்கும் கண்ணில் நீரோடு சிரிப்பு வந்தது. வெகுநாள் கழித்து இரண்டு பேரும் ஒன்றுக்காகச் சிரித்தார்கள்.

"நாளைக்கி மோட்டாரப் போடு. எனக்கு வேற தெரியல. அந்த அம்மா சொன்னமாதிரியே செய்யி" என்றான். அவனும் கடைசி வரைக்கும் படித்திருக்கிறான்.

அவள் அழிக்கவில்லை. கேள்விக்குக் கீழே இன்னொன்று எழுதினாள். இந்த முறை விரல் தடுமாறவில்லை: 'கேட்டது அவரு இல்ல. அவரு பொண்டாட்டி தங்கமணி. படத்துல இருக்கிறவரு குடிக்கறது இல்ல. கட்டிங்னா கரும்பு வெட்டு. ரெஜினாம்மாவுக்கு நன்றி.' அதற்கும் நாலு பேர் சிரித்தார்கள். ரெஜினா மட்டும் ஒரு செம்பருத்திப் பூப் படம் போட்டாள்.

காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு மடையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். தண்ணீர் காய்ந்த சால்களில் நுரைத்துக்கொண்டு ஓடியது. வரப்பில் ஆதிமூலம் வந்து நின்றார். இன்றைக்கும் மாடு கறக்கிற பேச்சுதான் என்று நினைத்து அவள் நிமிரவில்லை.

அவர் செருமினார். துண்டை எடுத்து மறுதோளில் போட்டார். மறுபடியும் எடுத்து முதல் தோளிலேயே போட்டார்.

"தண்ணி கட்றியா?"

"ஆமாங்க மாமா."

"அந்த… போன்ல யாரோ ஒரு அம்மா பதில் சொன்னாங்களாமே. நம்ம டிரைவர், அதான் ஜெயசுதா வூட்டுக்காரன், சொன்னான்."

தங்கமணி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தாள்.

"இந்த ரகம் எனக்கும் புதுசு" என்றார் அவர், தன் வயல் பக்கமாகப் பார்த்துக்கொண்டே. "மழைல சாஞ்ச கரும்புல கணுவுக்குக் கணு முளை வுட்டுக்கினு இருக்கு. அத அறுத்து வுடணுமா, அப்படியே வுட்டுடலாமா? கேட்டுச் சொல்லேன். நான் கேட்டன்னு சொல்லாத."

அவளுக்குச் சிரிப்பு நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. மாடு, கறவை, வரப்பு எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க ஒரு வார்த்தை போதும். அவர் துண்டு மறுபடியும் தோள் மாறுவதைப் பார்த்தாள். இவருக்கும் அக்கம்பக்கத்தில் கேட்க ஒரு ஆள் இருந்ததில்லை போலிருக்கிறது. வந்த சிரிப்பு வந்த வழியே இறங்கிவிட்டது.

"நான் கேட்டதாவே எழுதிடறேன் மாமா. என் பேருதான் ஊருக்கே தெரிஞ்சிடிச்சே" என்றாள்.

சேற்றுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஆதிமூலம் போகவில்லை. வரப்பில் அவளுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். குத்தகைப் பேச்சை எடுக்கவில்லை.

"மொதல்ல கரும்புன்னு போடு" என்றார்.