முத்துக்கனி பெயரில் போன பதில்

உடன்குடியில் செந்தூர்பாண்டிக்குக் கருப்பட்டி மண்டி. கடை, லைசென்ஸ், கரண்டு மீட்டர், வேன் எல்லாம் மனைவி முத்துக்கனியின் பெயரில் இருந்தன. அவள் பெயரில் இருந்தால்தான் துலங்கும் என்று கல்யாணமான வருஷமே ஜோசியர் சொல்லிவிட்டார். அதனால் வாட்சப்பில் விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு ஏஐ வாங்கியபோதும் அதற்கு "முத்துக்கனி அக்கா" என்றே பேர் வைத்து, அவளுடைய போட்டோவையும் ஒட்டினார். அவளிடம் கேட்கவில்லை. இதற்கு முன்னால் எதற்கும் கேட்டதில்லை.

அந்த மெஷினைக் குறை சொல்லப்படாது மக்கா. யார் வந்தாலும் முதலில் "சாப்டியளா?" என்று கேட்கும். விலை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஐப்பசியில் உணவு பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து முத்துக்கனிக்கு நோட்டீஸ் வந்தது. விளாத்திகுளத்தில் சொரிமுத்து என்று ஒரு ரிட்டையர்ட் கண்டக்டர், சுகர் உள்ளவர். கருப்பட்டி சாப்பிடலாமா என்று வாட்சப்பில் கேட்டிருக்கிறார். "தாராளமா சாப்பிடுங்க அண்ணாச்சி, ஒண்ணும் செய்யாது. மாத்திரை பாதி போதும்" என்று முத்துக்கனி அக்கா சொல்லியிருக்கிறாள். அவரும் அப்படியே செய்தார். பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மூன்று நாள் படுக்கை. திங்கட்கிழமை நேரில் வந்து விளக்கம் சொல்லாவிட்டால் லைசென்ஸை நிறுத்திவைப்போம் என்று நோட்டீஸ் சொன்னது. மலேசியாவுக்குப் போகிற கருப்பட்டி கண்டெய்னர் தூத்துக்குடி துறைமுகத்தில் நின்றது. கப்பல் புதன்கிழமை. லைசென்ஸ் போனால் கண்டெய்னர் நகராது.

தூத்துக்குடியில் ஜான்ஹவி என்ற வக்கீலிடம் போனார்கள். ஆழ்வார்திருநகரிக்காரி, கம்பெனிகளுக்கு இந்த மாதிரி விவகாரம் பார்க்கிறவள்.

"மெஷின் சொன்னதுக்கு நாங்க என்ன செய்ய வக்கீலம்மா? அது மேல கேஸ் போடச் சொல்லுங்க" என்றார் செந்தூர்பாண்டி.

"அதுக்கு ஆதார் கார்டு இல்லயே அண்ணாச்சி."

"செஞ்சு குடுத்த கம்பெனி மேல?"

ஜான்ஹவி ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பதில்கள் சரிதானா என்று பார்க்கவேண்டியது கடைக்காரர் பொறுப்பு என்று இருந்தது. கீழே முத்துக்கனியின் கையெழுத்து.

"படிச்சுப் பாத்தீங்களாக்கா?"

"எங்க போடச் சொன்னாவளோ அங்க போட்டேன்."

செந்தூர்பாண்டி சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"கடைக்காக எது பேசினாலும் அது கடை பேசினதுதான். கடை உங்க பேர்ல இருக்கு" என்றாள் ஜான்ஹவி. "மாத்திரையப் பத்தி அது எங்க படிச்சதுன்னு தெரிஞ்சா நல்லது. ஆரம்பத்துல இருந்து அது பேசின எல்லாத்தையும் கம்பெனிகிட்ட கேட்டு வாங்குங்க."

கம்பெனி அனுப்பியதை முத்துக்கனி கல்லாவில் உட்கார்ந்து இரண்டு நாள் படித்தாள். முதல் மாதம் பயிற்சி மாதம். கடைக்காரர் தன் நம்பரிலிருந்து கேள்வி கேட்டுப் பார்க்கலாம். பதில் தப்பாக இருந்தால் சரியானதை எழுதினால் போதும், அது பிடித்துக்கொள்ளும். அந்த மாதத்தில் ஒரே நம்பர் ஒரே கேள்வியைப் பத்தொன்பது தடவை கேட்டிருந்தது. சுகர் உள்ளவங்க கருப்பட்டிக் காப்பி குடிக்கலாமா? டாக்டரைக் கேளுங்க என்று மெஷின் சொல்லச் சொல்ல, அந்த நம்பர் விடாமல் "தாராளமா குடிக்கலாம்" என்று திருத்திக்கொண்டே இருந்தது.

"இது யாரு நம்பரு?" என்று கேட்டாள்.

"தெரிஞ்ச நம்பரு மாதிரிதான் இருக்கு" என்றார் செந்தூர்பாண்டி.

அவருக்குச் சுகர் வந்து நாலு வருஷம். மண்டி நிறையக் கருப்பட்டி இருக்க, அவருக்கு மட்டும் வீட்டில் இனிப்பில்லாத காப்பி. ஒருநாள் அவர் போனை நீட்டி, "பாரு, முத்துக்கனியே குடிக்கலாம்னு சொல்லுதா" என்றது அவளுக்கு ஞாபகம் வந்தது. விளையாட்டு என்று நினைத்துச் சிரித்திருந்தாள்.

"மாத்திரை பாதி போதும்னு எழுதியிருக்கிய."

"எனக்குப் போதுமாத்தான இருக்கு."

"எத்தன நாளா பாதி?"

"பங்குனியிலருந்து."

அவள் எழுந்து போய் சொரிமுத்துவுக்குப் போன் போட்டாள்.

"நீங்கதான சொன்னீங்க" என்றார் அவர். குரலில் கோபமில்லை. "தெனமும் சாப்டியளான்னு கேப்பீங்க. என் வீட்ல உள்ளவ சொன்னா நான் கேக்கமாட்டேன். நீங்க சொன்னதால கேட்டேன்."

"அது நான் இல்ல அண்ணாச்சி."

"அப்ப சாப்டியளான்னு கேட்டது?"

அவள் "இப்ப சாப்டியளா?" என்று கேட்டாள். இட்லி சாப்பிட்டேன் என்றார்.

திங்கட்கிழமை காலையில் செந்தூர்பாண்டி ஒரு விளக்கக் கடிதத்தை டைப் அடித்துக்கொண்டு வந்தார். 'தொழில்நுட்பக் கோளாறு' என்று இருந்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் பென்சிலால் குறி வைத்திருந்தார். முத்துக்கனி முதல் தடவையாக முழுசும் படித்தாள்.

"இதுல கோளாறு எங்க இருக்கு? சொல்லிக்குடுத்தத அது ஒழுங்காத்தான சொல்லியிருக்கு" என்று மடித்துக் கொடுத்துவிட்டாள். ஜான்ஹவியை உட்கார வைத்து வேறு எழுதினார்கள்.

அதிகாரி அதை வாய்விட்டுப் படித்தார். "என் பெயரில் போன பதில் என்னுடைய பதில். நான் பார்க்காமல் விட்டது என் தப்பு. அந்தப் பதில் போன நாற்பத்தொரு பேருக்கும் நானே போன் செய்து, அதைக் கேட்கவேண்டாம், டாக்டர் சொன்னபடி மாத்திரை போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இனிமேல், ஒன்று, நான் மெஷின் என்று அது முதலிலேயே சொல்லும். இரண்டு, சீக்கு, மருந்து பற்றி யார் கேட்டாலும் பதில் சொல்லாமல் எனக்கு அனுப்பிவிடும். மூன்று, அதைத் திருத்துகிற உரிமையிலிருந்து என் வீட்டுக்காரர் நம்பரை எடுத்தாயிற்று."

மூன்றாவதை அவர் இரண்டு தடவை படித்தார்.

"வீட்டுக்காரர் வந்திருக்காரா?"

"வெளியில நிக்காவ."

"அங்கேயே நிக்கட்டும்" என்றார். எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். மூன்று மாதத்துக்கு மெஷினின் பேச்சை மாதாமாதம் கொண்டுவந்து காட்டச் சொன்னார். லைசென்ஸ் தப்பியது. புதன்கிழமை கண்டெய்னர் கப்பல் ஏறியது.

வியாழக்கிழமை காலையில் செந்தூர்பாண்டி இனிப்பில்லாத காப்பியை முன்னால் வைத்துக்கொண்டு போனை எடுத்தார். கருப்பட்டிக் காப்பி குடிக்கலாமா என்று கேட்டார்.

"சாப்டியளா? நான் மெஷின். இத முத்துக்கனி அக்காட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்று வந்தது.

அடுப்படியில் முத்துக்கனியின் போன் டிங் என்றது. தாளிக்கிற சத்தம் நின்றது. பிறகு அவருக்குப் பதில் வந்தது.

"கூடாது. மாத்திரைய முழுசா போட்டியளா?"

அவர் எழுந்து போய், சட்டைப்பையிலிருந்த மற்ற பாதியையும் போட்டுக்கொண்டு வந்து, "போட்டாச்சு" என்று எழுதி அனுப்பினார்.