ஓமம் போட்ட எண்ணெய்

தேசிகனின் ஜாவா மோட்டார் சைக்கிளை விற்றுவிடுவது என்று அவனுடைய அண்ணா ராமஸ்வாமி முடிவு செய்தபோது அரவிந்தவல்லியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள். புருஷன் போய் மூன்று மாதமாகிறது. அந்த மூன்று மாதத்தில் அவள் பேசியதையெல்லாம் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். மார்கழியில் ஒரு நாள் கொதிக்கிற வெந்நீர்ப் பாத்திரத்தைத் துணியில்லாமல் வெறுங்கையால் இறக்கி வைத்தாள். சாயங்காலம் அந்த உள்ளங்கைக் கொப்புளத்தைப் பார்த்து ஓரகத்தி ஜானகியம்மாள்தான் பதறினாளே தவிர, இவளுக்குச் சுட்டதாக ஞாபகமே இல்லை. துக்கத்திலே மரத்துப் போய்விட்டாள், பாவம் என்று திருவள்ளூர் சன்னதித் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டது. தெருவுக்கு என்ன தெரியும்? துக்கம் மட்டும் என்றால் அழுதிருப்பாளே.

தேசிகன் கோயில் காரியம் பார்க்கிற குடும்பத்தில் பிறந்து, கோயிலுக்குப் போகாமல் கூட்டுறவுச் சங்க மேற்பார்வையாளர் உத்தியோகத்துக்குப் போனவன். பொன்னேரி, ஆரணி, கும்மிடிப்பூண்டி என்று நாள் முழுக்கச் சுற்றல். சாயங்காலம் வண்டி குளத்து மூலை திரும்பும் சத்தம் கேட்டதும் அரவிந்தவல்லி அடுப்பில் பாலை வைப்பாள். பால் காய்வதற்கும் அவன் கால் அலம்பிக்கொண்டு வருவதற்கும் சரியாக இருக்கும். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இது ஒரு நாளும் பிசகியதில்லை.

அந்த வீட்டில் தீபாவளி விடியலில் எண்ணெய் வைக்காத தலை கிடையாது. நல்லெண்ணெயில் ஓமமும் மிளகும் போட்டுக் காய்ச்சி, பெரியவர் முதல் தொட்டில் குழந்தை வரை உச்சியில் வைத்துத் தேய்த்தாக வேண்டும். வண்டிக்கும் ஒரு சொட்டு வை, அதுவும் ஆத்து மனுஷாதானே என்று தேசிகன் வருஷா வருஷம் சீண்டுவான். அவளும் ஹெட்லைட்டின் மண்டையில் ஒரு சொட்டு வைப்பாள். இந்த வருஷம் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஒரு மாதமாக பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்சக்கரம் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. கிணற்றுக் கப்பி கத்தினால் எண்ணெய் விடுவாள். தையல் மெஷின் கத்தினாலும் அதேதான். சக்கரத்துக்கு மட்டும் வேறு வைத்தியமா என்று, சக்கரத்தின் நடுவில் இருந்த இடுக்கில், கிண்ணத்தில் மிச்சமிருந்த ஓம எண்ணெயைப் பூராவும் விட்டாள். அவனிடம் சொல்லவில்லை. அவனே கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தாள்.

மறுநாள் காலையில் வண்டியைப் பின்சந்துக்குத் தள்ளினவன் பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அடடே, கீச்சு நின்னுடுத்தே" என்றான். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் சிரித்தாள். அன்றைக்கே கவரைப்பேட்டை தாண்டி ஒரு வளைவில், பழுதாகி நின்ற லாரியின் பின்னால் போய் மோதினான். வண்டிக்கு ஹெட்லைட்டும் ஹேண்டில்பாரும்தான் சேதம்.

பத்தாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களில் யாரோ ஒருவர், பிரேக்கில் எண்ணெய்ப் பசை பட்டால் வழுக்கிவிடும், பிடிக்கவே பிடிக்காது என்று பேச்சுவாக்கில் சொன்னார். சமையலறையில் இருந்த அவள் காதில் அது விழுந்தது. அன்றைக்கு மரத்தவள்தான்.

தை பிறந்ததும் ஆரணியிலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். அதற்குள் அதைக் கிளப்பி வைக்கச் சொல்லி ராமஸ்வாமி சாலமோனுக்கு ஆள் விட்டார்.

சாலமோனுக்குக் கடை கிடையாது. சைக்கிள் காரியரில் ஒரு தகரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வீடு போய் வண்டி பார்க்கிறவன். அவன் அப்பன் ஊரார் வயலில் கூலிக்கு நின்றவர். இவன் ஆவடிப் பக்கம் ஒரு பட்டறையில் தொழில் கற்றுக்கொண்டான். சன்னதித் தெருவில் இருந்த நாலு மோட்டார் சைக்கிளும் இரண்டு ஸ்கூட்டரும் அவன் கையில்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்து வருவான். தெருவாசல் வழியாக அல்ல, பின்சந்து வழியாக. வண்டியின் வயிற்றுக்குள் அவன் கையை விடலாம், வாசற்படியில் காலை வைக்கக் கூடாது. தெருவின் நியாயம் அப்படி. தேசிகன் மட்டும் அதைச் சட்டை செய்யாமல் கொல்லையில் அவன் பக்கத்திலேயே குந்திக்கொண்டு ஸ்பானர் எடுத்துக் கொடுப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் சாலமோன் கொல்லைக்குத்தான் வந்தான். கிணற்றடியில் சாக்கை விரித்தான். தேசிகன் வழக்கமாகக் குந்தும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பெட்டியைத் திறந்தான். அரவிந்தவல்லி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். வருஷம் திரும்புவதற்குள் அவள் அந்நிய ஆண்பிள்ளைகள் எதிரில் வரக் கூடாது. கதவிடுக்கில் பார்ப்பதை யார் தடுக்க முடியும்?

பிளக்கைக் கழற்றித் துடைத்தான். கார்புரேட்டரைப் பிரித்துப் பெட்ரோலில் அலசினான். புது ஹேண்டில்பாரையும் ஹெட்லைட்டையும் மாட்டினான். இதெல்லாம் அவள் கண்ணில் பட்டதே ஒழிய மனசில் ஏறவில்லை. அவள் காத்திருந்தது முன்சக்கரத்துக்கு. எண்ணெய் உள்ளே போகாமல் வெளியிலேயே வழிந்து போயிருந்தால் அவள்மேல் பழியில்லை. போயிருந்தால் அவளேதான் அவனைக் கொன்றாள். இரண்டில் எது என்று இன்றைக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

சாலமோன் முன்சக்கரத்தைக் கழற்றிச் சாக்கில் படுக்க வைத்து, பிரேக் மூடியை எடுத்தான். கை அப்படியே நின்றது. உள்ளே இருந்த பிசுக்கை விரலால் தொட்டு மூக்குக்குக் கொண்டு போனான். பிறகு நிமிர்ந்து கிணற்றுக் கப்பியைப் பார்த்தான். எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப் போன கப்பி. அங்கிருந்து அவன் பார்வை சமையலறைக் கதவுக்கு வந்தது. அடுத்த நிமிஷம் ஒரு துணியைப் பெட்ரோலில் நனைத்து, பிரேக் ஷூவையும் டிரம்மையும் அவசர அவசரமாகத் துடைக்க ஆரம்பித்தான்.

"சாலமோன், உள்ள என்ன இருந்தது?" என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து.

"ஒண்ணுமில்லம்மா. கிரீஸு. போன தபா நான்தான் ஓவரா வெச்சிட்டேன் போல கீது."

சொல்லிக்கொண்டே துணியைச் சுருட்டிக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டான். ஆனால் பெட்ரோல் நெடியைத் தாண்டி அந்த வாசனை கதவுவரை வந்துவிட்டது. எந்தக் கம்பெனி கிரீஸில் ஓமம் போடுகிறார்கள்? அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. கதவைப் பிடித்திருந்த கை அப்படியே பிடித்திருந்தது.

போதாத காலம், கோயிலிலிருந்து திரும்பிய ராமஸ்வாமி கிணற்றடிக்கு வந்து நின்றிருந்தார். கிரீஸ் என்ற சொல் அவர் காதிலும் விழுந்தது. கிரீஸ் பட்டால் பிரேக் பிடிக்குமா என்று கேட்டார். பிடிக்காது என்றான் சாலமோன். அப்படியானால் என் தம்பியைக் கொன்றது நீதானா என்று கேட்டார். சத்தம் போடவில்லை, அதுதான் பயங்கரம். கூடப்பிறந்தவன்போல உன்னைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தானே, உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்துவிட்டாயே என்றார். இனிமேல் இந்தத் தெருவில் எந்த வீட்டு வண்டியையும் தொடக் கூடாது, போலீஸில் சொல்லாமல் விடுவதே பெரிசு என்றார்.

சாலமோன் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதான் சாமி" என்றான். ஆறு வண்டிப் பிழைப்பு அந்த ஒரு வார்த்தையில் போயிற்று.

அரவிந்தவல்லி கதவைத் திறந்துகொண்டு கொல்லையில் இறங்கினாள். துணிச்சல் என்று சொல்ல முடியாது. துணிச்சலுக்குப் பயம் வேண்டும், அவளிடம் அதுவும் இல்லை. பொய் ஒன்று நடுவில் கிடந்தது, அதை எடுத்து அப்பால் போட வேண்டும் என்பது மட்டும் தோன்றிற்று.

"அண்ணா, அது கிரீஸ் இல்லே. தீபாவளி எண்ணெய். சக்கரம் கீச்சுனு கத்தித்து, கப்பிக்கு விடறாப்பல நான்தான் விட்டேன். அவர்கிட்டச் சொல்லலை. அவன் பாக்கெட்ல துணி இருக்கு, வேணும்னா மோந்து பாருங்கோ."

ராமஸ்வாமி மோந்து பார்க்கவில்லை. கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். தம்பியின் தலையில் அதே எண்ணெயை வைத்துத் தேய்த்தது அவர் கைதான். தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே, "உள்ளே போம்மா" என்றார். சாலமோனைப் பார்த்து, வேலையை முடித்துவிட்டுப் போ என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்தத் தெருப் பெரியவர்களுக்குக் கிடையாது, அவ்வளவு சொன்னதே அதிகம்.

அவள் உள்ளே போகவில்லை. சாலமோன் சக்கரத்தை எடுத்து மாட்டினான். நட்டைத் திருகிக்கொண்டே, "ஏம்மா சொன்னீங்க? நான் வேற ஊர்ல போய்ப் பொழச்சிக்குவேன்" என்றான்.

"நீ ஏன் பொய் சொன்னே?"

அவன் நட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினான். "சாரு எனக்கு ஸ்பானர் எடுத்துக் குடுப்பாரும்மா" என்றான். பிறகு, "பின் பிரேக்கு நல்லாத்தான் கீது. வளைவுல அந்த லாரி நின்ன நெலைக்கு, எந்த பிரேக்கா இருந்தாலும் வண்டி நின்னிருக்குமான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" என்றான்.

அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. அவள் திரும்பிப் படியேறினாள். பின்னால் சாலமோன் வண்டியை உதைத்தான். முதல் உதைக்கு இருமிற்று. இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவது உதைக்குப் பிடித்துக்கொண்டு, மூன்று மாதமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம் கொல்லை முழுக்க நிறைந்தது.

என்ன செய்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தபோது அடுப்பில் பால் இருந்தது. எப்போது எடுத்தாள், எப்போது ஊற்றினாள், எப்போது பற்ற வைத்தாள், ஒன்றும் தெரியாது. சத்தம் கேட்டது, கை தன்பாட்டுக்குச் செய்துவிட்டது. கால் அலம்பிக்கொண்டு வருவதற்கு ஆள் இல்லை. பால் விளிம்புக்கு ஏறிற்று. பதறிப்போய் வெறுங்கையால் பாத்திரத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

சுட்டது.

பாத்திரம் கீழே விழுந்து பால் அடுப்பங்கரை பூராவும் ஓடிற்று. அவள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, சுடறதே, சுடறதே என்று சொன்னாள். பிறகு அங்கேயே பாலில் உட்கார்ந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி வாய்விட்டு அழுதாள். ஆனால் தெருவில் யாருக்கும் கேட்கவில்லை. கொல்லையில் வண்டிச் சத்தம் இரண்டு பங்காக உயர்ந்தது, அவள் அழுது முடிக்கிறவரை சாலமோன் எஞ்சினை அணைக்கவில்லை.